வெள்ளை பாதி, ரோஸ் பாதி

மே மாதம் வந்தால் ஊருக்கெல்லாம் மாம்பழம் நினைவுக்கு வரும், எனக்கு பிரவுன் ஷீட் நினைவுக்கு வரும். பதினான்கு வருடம் தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. போன வருடம் மே மாதம் எனக்கு இருந்தது ஒரே ஒரு மாணவி. என் மகள், ஒன்பது வயது, வீட்டிலேயே படிக்கப் போகிறவள். அந்த ஒருத்திக்காக நான் சேர்த்த காகிதத்தை வைத்து ஒரு வகுப்பையே நடத்தியிருக்கலாம்.

என் கணவர் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், லாரி ஆபீஸ்களுக்கு பில் புக், இவைதான் அங்கே பிழைப்பு. அங்கே மிஞ்சுவதெல்லாம் எனக்குப் புதையல். பத்திரிகை அட்டைகளை வெட்டிய ஓரத் துண்டுகள் வாய்ப்பாட்டு அட்டைகள் ஆயின. மை இழுத்துக் கெட்டுப்போன காலண்டர் தாள்களின் முதுகுப் பக்கம் படம் வரைய ஒதுக்கப்பட்டது. சின்னாளப்பட்டிச் சேலைக் கடை ஒன்றில் சிரித்துப் பேசி ஏழு அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டினேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகம், ஓவியம், இதர. ‘இதர’ பெட்டியில் போட என்னிடம் எதுவுமே இல்லை. ஆனால் ‘இதர’ இல்லாத ஒரு பதிவேட்டை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அடியில் ஒரு பயம் கிடந்தது. அவள் எழுதுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது.

வாசிப்பாள். மனக்கணக்கு போடுவாள். பேச ஆரம்பித்தால் ஃபேனை நிறுத்தினாலும் நிறுத்தலாம், அவளை நிறுத்த முடியாது. பென்சிலை மட்டும் தொடமாட்டாள். நான் வேலை பார்த்த பள்ளியில்தான் அவளும் நாலாவது படித்தாள். ஒரு வரி எழுதினால் நாலு முறை அழிப்பாள், அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழும். ஒரு நாள் அவளுடைய வகுப்பு டீச்சர் அந்த நோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று சாயங்காலம் அவள் அழுதுகொண்டு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இப்படியா நோட்டை வச்சிருப்ப?” என்று கேட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் பழியெல்லாம் அந்த டீச்சர் தலையில் போய்விடும்.

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. கெஞ்சிப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம், புதுப் பேனா வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில், ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று நானும் அவரும் முடிவு செய்து, நான் வேலையை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். இல்லை என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் அந்த ஒரு வருடத்திலும் அவள் எழுதாமல் போனால் என்ன செய்வதென்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

அதனால் நோட்டு விஷயத்தில் நான் எந்தக் குறையும் வைக்க விரும்பவில்லை. மாதத்துக்கு ஒன்று, பன்னிரண்டு நோட்டு. கோடு கொஞ்சம் அகலம், காகிதம் கொஞ்சம் தடிமன். எல்லாவற்றையும்விட முக்கியம், நூல் போட்டுத் தைத்திருக்க வேண்டும், ஒரு தாள்கூட வெளியே வரக் கூடாது. நோட்டில் தாள் கிழிப்பவர்களை நான் வகுப்பில் சும்மா விட்டதில்லை. கிழித்தால் பின்னால் இருக்கும் ஜோடித் தாளும் கழன்றுவிடும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு பிரசங்கமே வைப்பேன்.

கணவர் கோடு அடித்துக் கொடுத்தார். வெள்ளைத் தாள் பாதி நோட்டுக்குத்தான் வந்தது. பில் புக்குக்கு வாங்கி மிஞ்சிய ரோஸ் தாள் ஒரு கட்டு மூலையில் கிடந்தது. அதிலும் கோடு அடித்துச் சேர்த்துவிடலாம், பிள்ளைக்கு நிறம் என்றால் பிடிக்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன். இரண்டு கட்டையும் பைண்டிங் மேஜையில் வைத்து, ‘12 புத்தகம், நூறு நூறு தாள், பலமாக’ என்று ஒரு சீட்டு எழுதி மேலே சொருகிவிட்டு வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு எதையும் மூன்று முறை சொல்கிறவள், அங்கே ஒரு முறைகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் ஒரு அக்கா. இருபது வருடமாக எங்கள் அச்சகத்தில் பைண்டிங் அவர்தான். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவதிலிருந்து அட்டை ஒட்டுவது வரை அவர் கைப்படத்தான் நடக்கும். பேசிக்கொண்டே வேலை செய்வார், எண்ணிக்கை தவறாது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை.

திங்கட்கிழமை எங்கள் வீட்டுப் பள்ளி திறப்பு. சனிக்கிழமை நோட்டை வாங்கப் போனேன். பன்னிரண்டும் அடுக்கியிருந்தன, முதுகில் காலிகோ துணி ஒட்டி, ஓரம் வெட்டி, அழகாக. ஒன்றைத் திறந்தேன். ஒரு வெள்ளைத் தாள், அதன் கீழ் ஒரு ரோஸ் தாள், மறுபடி வெள்ளை, மறுபடி ரோஸ். ஒவ்வொரு ஜோடிக்கும் மூலையில் சிவப்பு மையில் ஒரே எண். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை, கிழிப்பதற்கு வாகாகப் புள்ளித் துளை. என் மகளின் ஒரு வருடப் படிப்பு பன்னிரண்டு பில் புத்தகங்களாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அச்சகமே அமைதியாகிவிட்டது. அக்கா மட்டும் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

“வெள்ளை பாதி, ரோஸ் பாதின்னு வந்தா அது பில் புக்குதான டீச்சர். வேற என்னான்னு நெனைக்கிறது?”

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. கணவரோ ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்து, ஒரு நம்பர்கூடத் தப்பவில்லை என்று பெருமைப்பட்டார். துளை போட்ட தாளைத் திரும்பத் தைக்க முடியாது. புதிதாகக் கோடு அடிக்கத் தாளும் இல்லை, நேரமும் இல்லை. பன்னிரண்டையும் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். வீடு வரும்வரை வண்டியில் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதை ஓய்வாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதல் புத்தகத்தை மகள் முன்னால் வைத்தேன். என் அப்பா எனக்குப் பழக்கியதுபோல முதல் தாளின் உச்சியில் சிலுவை போட்டேன். அவள் சிலுவையைப் பார்க்கவில்லை. ஓரத்துத் துளைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“கிழிக்கலாமாம்மா?”

பதினான்கு வருடப் பிரசங்கமும் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, கிழிக்கலாம் என்றேன். சிலுவை போட்ட தாளை ஒரே இழுப்பில் கிழித்தாள். சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. பிறகு, இரண்டு தாளுக்கும் ஏன் ஒரே நம்பர் என்று கேட்டாள். அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் அப்பா, பையிலிருந்து ஒரு கார்பன் தாளை எடுத்து நடுவில் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பூ வரைந்து காட்டினார். மேலே ஒரு பூ, கீழே ரோஸ் தாளில் ஒரு பூ. வெள்ளையைக் கொடுத்துவிட வேண்டும், ரோஸ் நம்மிடம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் புத்தகம், கார்பன், பேனா மூன்றையும் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். உள்ளே கிழிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் அமைதி, மறுபடி கிழிக்கிற சத்தம், இப்படியே நாலு தடவை. முருங்கைக்காயை விட்டுவிட்டு எழுந்து போய்க் கதவோரம் நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இன்னொரு தடவை கிழிந்தது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு முறை கிழிகிற சத்தம், கதவுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் என் காலடிக்கு நகர்ந்து வந்தது. மூலையில் எண் ஏழு.

‘அம்மா கதவுகிட்ட நிக்காத. நான் எழுதிக்கிட்டு இருக்கேன்.’

எட்டு மாதம் கழித்து என் மகள் எழுதிய முதல் வரி, என்னைப் போகச் சொல்லும் வரி. வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்பது நல்லவேளையாக முருங்கைக்காய்க்கு மட்டும்தான் தெரியும்.

அழிப்பதற்கு அங்கே ரப்பருக்கு வேலையில்லை. பிடிக்கவில்லையா, இரண்டு தாளும் போய்விடும், ஓட்டை விழுந்த நோட்டு என்று தூக்கிக் காட்ட ஒன்றும் மிஞ்சாது. அந்த முதல் ஆறு எண்களும் புத்தகத்தில் இல்லை. அவை எங்கே போயின என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. எனக்கு அது பெரிய சாதனை.

அந்த வருடம் முழுக்க வெள்ளைத் தாள்கள் ஊர் சுற்றின. அப்பாவின் டிபன் பாக்ஸில் ஒன்று, வத்தலக்குண்டில் இருக்கும் என் தங்கைக்குக் கட்டுக் கட்டாக, பால்காரருக்குக்கூட ஒன்று. கணக்கும் பாடமும் அதே புத்தகத்தில்தான். நான் திருத்துவது வெள்ளையில் மட்டும், ரோஸ் தாளில் என் சிவப்பு மை படக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நான் ஒட்டிய ஏழு பெட்டிகளில் ஆறில் எதை வைத்தோம் என்று நினைவில்லை. ரோஸ் தாள்கள் எல்லாம் ‘இதர’வில் இருக்கின்றன.

அக்காவிடம் ஜூலையிலேயே போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க டீச்சர், பிள்ள எழுதுதுல்ல” என்று சொல்லிவிட்டு அட்டை ஒட்டப் போய்விட்டார்.

இந்த மே மாதம், இன்னொரு வருடமும் வீட்டிலேயே என்று முடிவானது. இந்த முறை வெள்ளைத் தாளே வேண்டிய அளவு வாங்கினேன். ஒரு வருடம் நன்றாக எழுதிவிட்டாள், இனி நூல் போட்டுத் தைத்த நோட்டுக்கு வந்துவிடலாம் என்பது என் திட்டம். எல்லாவற்றையும் தெளிவாக, ஒரு பக்கம் வருகிற மாதிரி, சீட்டில் எழுதிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அக்கா அதை வாங்கவே இல்லை. மேஜை டிராயரைத் திறந்து, பசை ஒட்டிய ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

‘அத்தை, அம்மா வெள்ளைத் தாள் மட்டும் கொண்டு வருவாங்க. வாங்கி வச்சுக்கோங்க. ரோஸ் தாள் அப்பாகிட்ட சொல்லிட்டேன். போன வருசம் மாதிரியே வேணும். அம்மா திட்டுனா கண்டுக்காதீங்க.’

எழுத்து அழுத்தமாக விழுந்திருந்தது. ஒரு இடத்தில் ஒரு சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே வேறு சொல் எழுதியிருந்தாள். கிழித்துப் போடாமல், அடித்தது அடித்தபடி இருக்க, அப்படியே கொடுத்திருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். கணவர் மெஷினுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். பைண்டிங் மேஜையில் ரோஸ் கட்டு ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நான் என் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வெள்ளை, ஒரு ரோஸ் என்று தாள் அடுக்க ஆரம்பித்தேன்.