ரெண்டு பக்கமும் சேராத ஸலெவாய்கா

லியோகாடியாவைக் கடைசிவரை அந்த ஊர் தன் பெண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. கியெல்ட்ஸே பக்கத்திலிருந்து ராதொம்ஸ்கோ பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் உருளைக்கிழங்கை வேகவைத்து, புளித்த ரை மாவுக் கரைசலை ஊற்றி, அம்மா வீட்டு வழக்கப்படி உலர்காளானும் பாலாடையும் சேர்த்து ஸலெவாய்கா சூப் வைத்தாள். மாமியார் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள்.

"இது சூப்பா, கன்னுக்குட்டிக்கு வச்ச கஞ்சியா?"

அன்று ஒட்டிக்கொண்ட பெயர் பாலாடைக்காரி. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியும், பக்கத்து வீட்டுக் கசிமீரா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பாள்: "என்ன பாலாடைக்காரி, இன்னிக்குப் பன்னிக்கொழுப்பு வறுபடுற வாசனை வருதே, திருந்திட்டியா?"

திருந்தத்தான் செய்தாள், பாவம். கணவன் ரிஷார்துக்காக அந்த ஊர் வழக்கப்படி கொழுப்பு வறுத்துப் போட்டாள். பாலாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒருநாள் விட்டேவிட்டாள். காளானை மட்டும் விடவில்லை. அந்த ஒரு பிடி காளானுக்காகவே ஊர் அவளை மன்னிக்கவில்லை.

பிள்ளை குட்டி இல்லை. ரிஷார்த் கண்ணை மூடிய பிறகு பெரிய பானையில் ஒருத்திக்கு மட்டும் சூப் வைத்து, அதையே நாள்கணக்கில் சுடவைத்துக் குடித்தாள். தனிமை என்றால் அவளுக்கு அதுதான். அப்போதுதான் அண்ணன் ஸெனான் போன் செய்தார். அவருக்கும் மனைவி இல்லை.

"அங்க யாரு இருக்கா உனக்கு? நம்ம வீட்டுக்கே வந்துடு லோஜா."

லோஜா! பிறந்த வீட்டுச் செல்லப் பெயர். அவளை அப்படிக் கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். நீ எந்த ஊர்க்காரி என்று கேட்காத ஒரு வீடு போதும் என்று நினைத்தாள். கோழிகளைக் கொடுத்தாள், வீட்டையும் விற்றாள். கரைசல் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

போய்ச் சேர்ந்த அன்றே அம்மாவின் அடுப்படியில் ஸலெவாய்கா வைத்தாள். அம்மா வைத்தது போலவே வைக்கிறோம் என்று முழுசாக நம்பித்தான் வைத்தாள். கை அதன் பழக்கத்துக்குக் கொழுப்பை வறுத்துப் போட்டது. பாலாடை ஞாபகத்துக்கே வரவில்லை.

ஸெனான் ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாருக்கு, நல்லாருக்கு. உங்க ஊர்ல இப்படித்தான் வைப்பாங்களோ?"

உங்க ஊர். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, தங்கமான மனுஷன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, விருந்துக்குப் போன இடத்தில் செய்வதுபோல இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார். சின்ன வயதில் இதே மேஜையில் அவள் தட்டிலிருந்து பிடுங்கித் தின்ற அண்ணன்.

பாத்திரங்களை எடுக்க எழுந்தாள். அவர் பதறிப்போய்க் கையிலிருந்து வாங்கினார்.

"அட, நீ உக்காரும்மா. வந்தன்னிக்கேவா உன்னைக் கழுவ விடுவேன்?"

லியோகாடியா உட்கார்ந்தாள். கோபித்துக்கொண்டு கிளம்பிப் போக அவளுக்கு வேறு ஊர் இல்லை.