பொட்டு வைத்த லென்ஸ்

சூலூர் ஆறுச்சாமி கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அட்டெண்டர். பல வருடமாகத் தினக்கூலி. 1998 தீபாவளிக்குள் நிரந்தரம் செய்துவிடுவதாகப் பிரின்சிபால் ரங்கநாயகி அம்மாள் சொல்லியிருந்தார். ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஆறுச்சாமி அதற்காகத்தான் காத்திருந்தார்.

அந்தக் கூடத்துக்குப் பெரியவர் புரொபசர் பாலுசாமி. தோட்டம், மில்லு, கார் எல்லாம் உண்டு. அடக்கம் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை போலும். குவாண்டம் டாட் என்று, கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். லேசர் பட்டால் அது ஒளியைத் துளித் துளியாகத் தருமாம். அந்தத் துளியில் சேதியை ஏற்றி அனுப்பினால் நடுவில் எவனும் திருட முடியாதாம்.

"இது தெரிஞ்ச ஆளுகள இந்த ஒலகத்துல விரல் உட்டு எண்ணிப்போடலாமுங்க" என்பார். முதல் விரல் யாருடையது என்பதைக் கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆயுத பூசையன்று மேசைகளைத் துடைத்துச் சந்தனம் கரைத்தவர் ஆறுச்சாமி. பொட்டு வைக்கப் போனவரைப் பாலுசாமி தடுத்தார்.

"தள்ளி நில்லப்பா. சாமி காரியம். உங்க ஆளுக கை பட்டா நல்லாருக்காது."

பிறகு போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி கருவி கருவியாக அவரே பொட்டு வைத்தார். சாமியைவிடக் கேமராவின் மேல்தான் அவருக்குப் பக்தி. படம் கழுவி வந்ததும் அதைத் தன் கையாலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

பூசை முடிந்து வேலை தொடங்கியபோது ஒரு துளி ஒளிகூட வரவில்லை. பூசை முடிந்ததும் போட்டு வைத்த லேசர் மேசையின் கறுப்பு மூடியைத் திறந்து பார்க்கப் பாலுசாமிக்குச் சோம்பல். ஆள்மேல் பழி போடுவது அதைவிடச் சுலபம்.

"இவன் அழுக்குத் துணியில தொடச்சுக் கெடுத்துப்போட்டானுங்க. இவனுக்கு நிரந்தரம் ஒரு கேடு" என்று பிரின்சிபாலிடம் சொன்னார்.

"நான் கருவியத் தொடலீங்கம்மா. தொடவே உடலீங்க" என்றார் ஆறுச்சாமி.

ரங்கநாயகி அம்மாள் பலகைப் படத்தைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்துக்கு வந்து மூடியைத் திறக்கச் சொன்னார். ஒளியைச் சேர்க்கும் லென்ஸின் நட்டநடுவில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். படத்தில் பாலுசாமியின் விரல் இருந்ததும் அதே இடத்தில்தான்.

"சரி, தொடச்சுப்போடு ஆறுச்சாமி" என்றார் பாலுசாமி.

"நானுங்களா? சாமி காரியமாச்சுங்களே. என்ற கை பட்டா நல்லாருக்காதுங்களே."

பிரின்சிபால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உலகம் விரல் விட்டு எண்ணும் மனிதர் குனிந்து, பஞ்சால் துடைத்தார்.

தீபாவளிக்கு முன்பே ஆர்டர் வந்தது. ஆறுச்சாமி ஆனைமலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, குங்குமப் பொட்டலத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். மேசையில் வைத்தால், அந்த ஆள் அதை எடுத்து எதில் பூசுவாரோ.