அம்மா எங்களிடம் கேட்டது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அம்மாவோடு பழகிய அனைவருக்கும் வணக்கம்.

அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் முடிகிறது. ஆண்டு நினைவுக்கு மலர் போட வேண்டும் என்று தம்பி சொன்னபோது, எழுதும் வேலையை அவனே பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிட்டேன். அவன் சேலத்தில் ஆசிரியர் வேலையில் இருப்பவன். எனக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் நின்று பேசவும் வராது. "கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தது நீதானக்கா. நீயே எழுது, தப்பு இருந்தா நான் திருத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். அதனால் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது எங்கள் மலையிலேயே இன்னொரு பக்கம் இருக்கும் திருப்புலி நாட்டில். எந்த வருடம் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. மலைக்கு ரோடு வருவதற்கு வெகு காலம் முன்பு என்பது மட்டும் தெரியும். மாமா மூத்தவர், அம்மா நடுவில், சின்னம்மா கடைசி. அந்தப் பக்கம் அப்போது பள்ளிக்கூடம் இல்லை. காட்டில் கிளி விரட்டுவதும், சாமை குத்துவதும், தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிவதுமாக வளர்ந்தார் என்று சின்னம்மா சொல்கிறார். கல்யாணமாகி எங்கள் ஊர் இருக்கும் பைல் நாட்டுக்கு நடந்தே வந்தார். வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டதில் புதுச் சேலையின் சாயம் ஓடிக் கால் வரைக்கும் சிவந்துவிட்டதாம். இதுவும் சின்னம்மா சொன்னதுதான்.

எங்கள் அப்பா காய்ச்சலில் போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அதன் பிறகு அம்மாவே ஏர் பிடிக்க ஆள் பார்த்து, மரவள்ளிக் கிழங்கு நட்டு, மிளகுக் கொடி ஏற்றி எங்களை வளர்த்தார். பலாப்பழமும் வாழைத்தாரும் தலையில் சுமந்து சோளக்காட்டுச் சந்தைக்கு நடப்பார். என்னையும் தம்பியையும் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தார். தம்பி அழுதுகொண்டு திரும்பி வந்தபோதெல்லாம் ஒரு வார்த்தை திட்டாமல் சோறு போட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் விட்டுவிட்டு வருவார்.

அம்மாவின் பேச்சு சோளக்காட்டில் எல்லோருக்கும் தெரியும். பழ வியாபாரிகள் அவரைக் கண்டால் சிரிப்பதற்குத் தயாராகிவிடுவார்கள். ஒருமுறை ஒரு வியாபாரி பலாப்பழத்துக்கு மிகவும் இறக்கிக் கேட்டார். "ஏனுங்க, இந்தப் பழம் மரத்துலருந்து தானா எறங்கி நடந்து வந்துச்சுன்னு நெனச்சீங்களா? எங்கழுத்தைத் தொட்டுப் பாத்துட்டு வெலை சொல்லுங்க" என்றார் அம்மா. வியாபாரி சிரித்துவிட்டு அம்மா சொன்ன விலையைக் கொடுத்தார். அப்படிப் பேசுகிறவர்தான். மழை, மாடு, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் பேசுவார். தன்னைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

உலகம் முழுக்க இரண்டாயிரமாவது வருடம் பிறக்கப் போகிறது என்று பேசிக்கொண்டிருந்த சமயம். வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். என் வீடு அதே ஊரில் என்பதால் ஓடி வந்து தூக்கினேன். ஜீப் பிடித்து, மலை ரோட்டின் அத்தனை வளைவும் இறங்கிக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. டாக்டர் தம்பியைத் தனியாக அழைத்து, உயிருக்கு உடனே ஆபத்தில்லை, பேச்சு திரும்புவது கஷ்டம், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மலைக்குக் கூட்டி வந்தோம்.

வந்த நாலைந்து நாளில் அம்மா கை காட்ட ஆரம்பித்தார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

நன்றாக இருந்த இடது கையை எதையோ ஏந்தியிருப்பதுபோல் குவித்து நெஞ்சுக்கு நேரே பிடிப்பார். பிறகு மெதுவாகக் கவிழ்ப்பார். பிறகு வாசல் பக்கம் நீட்டுவார். அதன் பின் என் முகத்தையே பார்ப்பார். புரிகிறதா என்று பார்ப்பது எனக்குத் தெரியும். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் செய்வார். மூன்றாவது தடவை செய்யும்போது கண் கலங்கிவிடும். அந்தக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொள்வார். எதைக் கேட்டாலும் தலை ஆட்டுவார். அது ஆமாமா இல்லையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

முதலில் மிளகு என்று நினைத்தேன். விழுந்தபோது அதைத்தானே பரப்பிக்கொண்டிருந்தார்? முறத்தில் மிளகை அள்ளி வந்து மடியில் வைத்தேன். விரலால் கிளறிப் பார்த்தார். பிறகு முறத்தைத் தள்ளிவிட்டுக் கையைக் குவித்தார்.

தண்ணீராக இருக்குமோ, கோழிக்குத் தீனியோ, கன்றுக்குட்டியோ என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கன்றை வீட்டுக்குள்ளேயே பிடித்து வந்தேன். அது கட்டில் காலில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

சோளக்காட்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து தம்பிக்குப் போன் செய்வேன். அவன் எடுத்ததும், "இன்னிக்குத் தெரிஞ்சுதாக்கா?" என்றுதான் கேட்பான். ஒருநாள், "கவுக்கறதுன்னா ஊத்தறதுதான். சாமிக்கு ஏதோ வேண்டிக்கிட்டிருக்காங்க, அது நின்னு போச்சு" என்றான். லீவு போட்டு வந்து அறப்பளீஸ்வரருக்குப் பாலும் எண்ணெயும் அபிஷேகம் செய்து, விபூதி கொண்டுவந்து அம்மாவுக்குப் பூசினான். அம்மா அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அவன் பஸ் ஏறிப் போனபின் அம்மா கையைக் குவித்தார். அதை நான் போனில் சொல்லவில்லை. அடுத்த தடவை அவனே கேட்டான், சொல்லிவிட்டேன்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா வாரம் தவறாமல் வந்து பார்ப்பார். தெற்கத்திக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் அவதியைப் பார்த்து, சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டும் பட அட்டை ஒன்றைப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கி வந்தார். "அம்மா, உங்களுக்கு வேணுங்கறது இதுல இருந்தா தொட்டுக் காட்டுங்க" என்று முன்னால் பிடித்தார். குடை, விமானம், கப்பல், ஒட்டகம் என்று படங்கள் இருந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக் கப்பலில் விரலை வைத்தார்.

அன்று சின்னம்மா வந்திருந்தார். "ஏங்க்கா, சோளக்காட்டுக்கு மேல ஒரு ஊரு பாக்காதவ நீ, கப்பல்ல எங்க போகோணும்? போறதுன்னா என்னையும் கூட்டிக்கிட்டுப் போ, நான் பட்டாணி வறுத்துக் கட்டிக்கிட்டு வாரேன்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்க வாயால் சிரித்தார். நர்ஸம்மாவும் சிரித்தார். அம்மாவுக்கு நோய் வந்தபின் முதல் முறையாக வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்து முடித்ததும் அம்மா அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைக் காட்டினார்.

எதிர் வீட்டுப் பெரியம்மா அம்மாவின் வயதுக்காரர். கொழுந்தன் மக்கள் வீட்டோடு இருப்பவர். அவருக்குச் சந்தேகமே இல்லை. "பொறந்த ஊட்டை ஒருக்காப் பாக்கோணுங்குது கண்ணு. வேறென்ன? பொம்பளைக்குக் கடைசியில அதான் நெனப்பு வரும். கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அம்மாவை ஜீப்பில் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்தோம். பெரியம்மாவும் ஏறிக்கொண்டார். "புடிச்சுக்க ஆளு வேணுமில்ல" என்றார்.

வழியில் ஒரு பிரிவு வந்தபோது பெரியம்மா டிரைவரிடம், "ஏனுங்க, ஒரு நிமிசம் நிறுத்துங்க சாமி" என்றார். வண்டி நின்றது. அவர் இறங்கவில்லை. பிரிந்து போன மண் பாதையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்னங்க பெரியம்மா, வாந்தி வருதுங்களா?" என்றேன்.

"இல்ல கண்ணு. இதுலதான் எங்க ஊரு. அண்ணனுங்க போனதுக்கப்புறம் போகல. யாரு இருக்கா? சரி, எடுங்க சாமி, போலாம்."

அம்மா பிறந்த வீட்டில் மாமா மக்கள் நன்றாகக் கவனித்தார்கள். சாமைக் கஞ்சி கரைத்துக் கொடுத்தார்கள். அம்மா கூரையையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார். எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. ஜீப்பில் திரும்பி வரும்போதே கை குவிந்தது. பெரியம்மா அந்தக் கையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். அன்றைக்குக் கேட்டது பெரியம்மாவின் ஆசை என்று எனக்குத் தோன்றியது. அது பாதியாவது நிறைவேறியதில் எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவுடையது என்னவென்று தெரியவில்லையே என்பதுதான் வருத்தம்.

பிறகு ஒருநாள் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது சின்னம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமான கேலி இல்லை.

"ஒன்னு சொல்றேன், மனசுல வெச்சுக்க. உனக்கு முன்னால ஒன்னு இருந்துச்சு கண்ணு. பொம்பளப் புள்ள. பேரு வெக்கிறதுக்குள்ள போயிருச்சு."

அலசிய துணியைக் கல்மேல் வைத்தேன். இத்தனை வயது வரைக்கும் நான்தான் மூத்தவள் என்று இருந்தவள். "எங்கிட்ட யாருமே சொல்லலியே சின்னம்மா" என்றேன்.

"சொன்னா நீயும் தங்கமாட்டேன்னு பயம். அப்புறம் நீ தங்கிட்ட. தங்குனதுக்கப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்குது? கையில ஏந்தி எடுத்துக்கிட்டுப் போயி மண்ணுல வெச்சது அக்காதான். யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்னுட்டா. அதைத்தான் காட்டறாளோ என்னமோ."

ஏந்திய கை, கவிழ்ந்த கை, வாசலுக்கு வெளியே. எல்லாம் பொருந்தியது. தம்பியை வரச் சொன்னேன். வீட்டுக்கு மேலே பலா மரத்தடியில் என்று சின்னம்மா சொன்னார். அந்தப் பலா மரத்தை வெட்டி வெகு நாளாகிறது. இடம் முழுக்க இப்போது கிழங்கு நட்டிருக்கிறது. "இங்கதான்" என்று நிற்பார் சின்னம்மா. "இல்ல, இன்னுங் கொஞ்சம் மேல" என்று நகர்வார். கிழங்குச் செடி எல்லாம் ஒரே மாதிரி நிற்கிறது. கடைசியில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஓரிடத்தில் என்று இல்லாமல் அங்கும் இங்குமாகப் பால் ஊற்றி, பூ வைத்துக் கும்பிட்டு வந்தோம்.

அம்மா காலடியில் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா, அக்காளுக்குப் பால் ஊத்திட்டு வந்தோம்."

அம்மா அழுதார். சத்தம் வராத வாயைத் திறந்துகொண்டு வெகு நேரம் அழுதார். தம்பியும் அழுதான். இதுதான், கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தோம். அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலை முகம் கழுவிவிட்டு, தலை சீவி, கஞ்சி கொடுத்தேன். அம்மா கையைக் குவித்தார். கவிழ்த்தார். வாசலைக் காட்டினார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் எழுந்து போகத் தோன்றியது. அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டாரே என்று சின்னம்மா தன்னைத் திட்டிக்கொண்டார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். இந்த மலரைப் படிக்கும் யாரும் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு எங்களுக்கு யோசனை எதுவும் மிச்சம் இல்லை. கை காட்டும்போது, "சரிங்கம்மா, செஞ்சரலாம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அது பொய் என்று அம்மாவுக்குத் தெரியும்.

கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றிய நாட்களில் அம்மாவுக்குச் சளி கட்டியது. நர்ஸம்மா ஊசி போட்டார். கீழே கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, வளைவுகளைத் தாங்க மாட்டார் என்றார். அந்த நாட்களில் ஒரு காலையில்தான் கவனித்தேன், அம்மா கை காட்டி இரண்டு மூன்று நாளாகிவிட்டது. கை போர்வைக்கு மேலே சும்மா கிடந்தது. நிம்மதியாக இருக்க வேண்டியவள் பதறிப் போனேன். அவர் கையை எடுத்து நானே குவித்தேன். கவிழ்த்தேன். வாசல் பக்கம் நீட்டினேன். "என்னம்மா இது? இன்னொருக்காச் சொல்லுங்கம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன கேட்கிறேன் என்று தெரியாதவர்போல் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரத்திலேயே, காலை வெயில் வாசலுக்கு வந்த நேரத்தில் மூச்சு நின்றது. நானும் சின்னம்மாவும் இருந்தோம்.

அம்மா படுத்திருந்த நாளெல்லாம் கஞ்சியும் துணியுமாக உதவிய அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த ஜீப் டிரைவர் தம்பிக்கும், சொந்தத் தாயைப்போல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், மழையில் பாடை சுமந்த பிள்ளைகளுக்கும், கீழிருந்து ஏறி வந்த தம்பியின் பள்ளி ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரியம்மாவை அவர் ஊருக்குள்ளேயே கூட்டிப் போய் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முறைப்படி செய்துவிட்டோம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. உங்களில் யாராவது, அம்மாவோடு சந்தைக்கு நடந்தவர்கள், காட்டில் களை எடுத்தவர்கள், சிறு வயதில் கூட விளையாடியவர்கள், அம்மா இதைத்தான் கேட்டிருப்பார் என்று உங்களுக்குத் தோன்றினால் தயவுசெய்து வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லுங்கள், செய்துவிடுகிறோம்.