பாறசாலையில் மிக்சி ஓடிய நாள்

கீக்... கீக்... கீக்...

கரண்ட் போனதும் கடையில் இருந்த ஐந்து யூ.பி.எஸ்.களும் ஒன்றன்பின் ஒன்றாக அலற ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் மெஷினுக்குள் பாதியில் மாட்டிக்கொண்ட பேப்பரின் சூட்டு வாசம் வேறு. அந்தச் சத்தத்தை இன்று எங்கே கேட்டாலும் எனக்கு அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வரும்.

தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. நெட் உள்ள போன் எல்லார் கைக்கும் வராத காலம். அரசு வேலைக்கு அப்ளிகேஷன் போட எங்கள் மாதிரிக் கடைக்குத்தான் வர வேண்டும்.

அன்று காலை பதினோரு மணிக்கு என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் ஷைனி. பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டுக்காரி. நர்சிங் முடித்தவள். அவளுடைய அண்ணன் சவுதிக்கு விசா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். பக்கவாதம் வந்து படுத்த அம்மாவை விட்டுப் போக இவளுக்கு மனசில்லை. "ஒரே ஒரு தடவ கவர்மென்ட் பரீட்சை எழுதிப் பாக்கேன். கிடைக்கலன்னா ஏறிடுதேன்" என்று அண்ணனிடம் கெஞ்சி வாங்கிய வாய்ப்பு அது.

கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணியோடு சைட்டை மூடிவிடுவார்கள்.

ஏன் கடைசி நாள்வரை விட்டாள்? நான் சொல்லித்தான். போன வாரமே வருகிறேன் என்றவளிடம், "இப்ப சைட்டு ஸ்லோவாக்கும். கடைசி நாளு வா, எல்லாரும் முந்திப் போட்டிருப்பாவ, நான் அஞ்சு நிமிசத்துல முடிச்சித் தாறேன்" என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி அளந்து விட்டேன்...

ஸ்கேன் எடுத்து முடித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். பத்து நிமிஷம்தான் தாங்கும். அவளுடைய போட்டோ, கையெழுத்து, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றி உருவியதும் திரை அணைந்தது.

கடைக்கார அண்ணன் நாலு இடத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். "ஜில்லா முழுக்க இல்லியாம். மெயின் லைன்ல என்னமோ கோளாறு. எப்ப வரும்னு அவியளுக்கே தெரியாது."

எதிரே ஜவுளிக்கடையில் ஜெனரேட்டர் ஓடியது. போய்க் கெஞ்சினேன். பில் மெஷினுக்கே காணாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஷைனி சர்டிபிகேட்டுகளை எடுத்து ஃபைலுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பன்னிரண்டரைக்கு என் போன் அடித்தது. பாறசாலையில் இருக்கும் மாமி. வெள்ளிக்கிழமை வருகிறாயா என்று கேட்கத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் பேச்சுக்குப் பின்னால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"மாமி... அது என்ன சத்தம்?"

"மிக்சியாக்கும் மக்களே. தேங்கா அரைக்கேன்."

"அங்க கரண்ட் இருக்கா?"

"இருக்கே! ஏன், அங்க இல்லியா?"

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. அது கேரளா. அவர்கள் கரண்ட் வேறு, நம் கரண்ட் வேறு! மாசம் ரெண்டு தடவை மாமி வீட்டுக்குப் போய்வருகிற எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள்.

"எழும்பு ஏட்டி!" என்று ஷைனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மார்த்தாண்டத்தில் பஸ் நின்றது. வண்டிகள் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு கிடந்தன. பத்து நிமிஷம்... இருபது... நாற்பது. இனி இருந்தால் கதை முடிந்தது என்று தோன்றியது.

"எறங்கு. நடப்போம்."

"பாறசாலைக்கா? உனக்கு கோட்டி புடிச்சிருக்கா?"

நடந்தோம். அந்த வெயிலில் குழித்துறைப் பாலம் தாண்டுகிறவரை நடந்தோம். அவள் சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தாள். என் உள்ளங்கைக்குள் பென்டிரைவ் வியர்த்துக் கிடந்தது. நெரிசலுக்கு அந்தப் பக்கம் வேறு பஸ் கிடைத்தது.

களியக்காவிளையிலும் கரண்ட் இல்லை. செக்போஸ்டைத் தாண்டி வேகவேகமாகப் போனோம். ஒரு டீக்கடை முன்னால் ஷைனி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏட்டி... ஃபேன் சுத்துது."

அதற்கு அடுத்தது ஒரு இன்டர்நெட் கடை. எங்கள் கோலத்தைப் பார்த்ததும் கடைக்காரர், "எந்தா மோளே?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தன் நாற்காலியையே தந்துவிட்டார். மணி நாலு.

சைட் உயிரை எடுத்தது. முக்கால்வாசி நிரப்பியதும் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து. மூன்று தடவை. நாலாவது தடவை நாலே முக்காலுக்கு அப்ளிகேஷன் நம்பர் வந்தது. பிரின்டரிலிருந்து பேப்பர் வெளியே வந்தபோது முதலில் அழுதது நான்தான்.

அந்த டீக்கடையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து டீயும் பழம்பொரியும். "நான் சொன்னதாலதானே மக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சொன்னதாலதான் கடைசி நாளு வந்தேன். நீ இழுத்ததாலதான் இங்கோட்டு வந்தேன். ரெண்டுக்கும் சரியாப் போச்சு. டீயக் குடி."

வேலை கிடைத்தது. போஸ்டிங் வடக்கே எங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டே போனாள்.

இன்று எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. என் மகள் சோபாவில் படுத்தபடியே போனில் அப்ளிகேஷன் போடுகிறாள். நல்லதுதான். ஆனாலும் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட இப்போதெல்லாம் காரணமே அமைவதில்லை...

போன வருஷம் ஷைனியின் அம்மா தவறிவிட்டார்கள். கடைசிவரை மகள் கையால் சாப்பிட்ட மனுஷி. ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம், பல வருஷம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஃபேன் நின்றது. கரண்ட் போயிருந்தது.

ஷைனி என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"பாறசாலையில கரண்ட் இருக்குமா ஏட்டி?"

"இருக்கும் மக்கா. எழும்பு... நடந்தே போவோம்."