என் காலில் கட்டிய ரத்தம்

காலை பத்து நாற்பதுக்கு நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

விருத்தாசலத்தில் குழந்தைப்பேறு சிகிச்சை செய்யும் ஓர் ஆஸ்பத்திரி. என் மகளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கருப்பைக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருக்கிறது என்றார். "உங்க குடும்பத்துல யாருக்காவது நரம்புல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்காம்மா? பரம்பரையா வரலாம்" என்று என்னைக் கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க" என்றேன்.

மகளைப் பெற்ற பத்தாம் நாள் என் இடது கால் வீங்கி, ரத்தம் கட்டியிருந்தது. குறை என் ரத்தத்தில் என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள்? அதைவிட என் ஓரகத்தி ஸ்டெல்லா என்ன நினைப்பாள்? அவள் பீங்கான் பட்டறையில் கப்புக்குக் காது ஒட்டுகிறவள். என் மகளுக்குப் பிறகு மூன்று வருடம் கழித்துக் கல்யாணமான அவள் மகளுக்கு அன்றுதான் வளைகாப்பு. அந்த வயிற்றைப் பார்க்கப் பிடிக்காமல், ஸ்கேனுக்கு அதே நாளை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

மதியம் ஸ்டெல்லா வளைகாப்புக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள்.

"விசேஷத்துக்குத்தான் வரல. சாப்பிடவாச்சும் செய்யுங்கக்கா."

டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் மகள் அவளிடம் சொன்னாள். ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். மகள் பிறந்தபோது என் வீங்கிய காலைத் தலையணையில் தூக்கி வைத்தவள் அவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் தூக்கை என் மடியில் வைத்துவிட்டு, டாக்டர் அறைக் கதவைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, அக்கா பயத்துல மறந்துட்டாங்க. இந்தப் பொண்ணு பொறந்தப்ப அவங்க கால்ல ரத்தம் கட்டிச்சு, நான்தான் கூட இருந்தேன். அதுக்கு என்ன டெஸ்டோ அத எடுங்க."