அப்பா இருக்க மறுத்த கொட்டில்

வெட்டிக் கொஞ்ச நாளான ஊசியிலை மரக்கிளைகளில் மழை பட்டால் ஒரு மணம் எழும். பச்சையும் பிசினும் கலந்து, மூக்கின் நுனியில் கொஞ்சம் எரிகிற மணம். ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் பின்முற்றத்தில், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்துக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே, இலைகள் மஞ்சளாகத் தொடங்கும் நாட்களில் அந்த மணம் வரும். வந்ததும் என் கால்கள் ஓரிடத்தில் நிற்காது, படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக, கீழ்வீட்டு மனிசி கதவைத் திறந்து முறைக்கும்வரை ஓடிக்கொண்டிருப்பேன். அதுதான் எனக்குச் சுக்கோத் பண்டிகையின் மணம்.

தமிழ்ப் பிள்ளைக்கு யூதப் பண்டிகையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இன்றுவரை கேட்காத ஆளை நான் காணவில்லை, ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா காங்கேசன்துறைப் பக்கத்துக் கிராமத்துச் சைவர், சண்டையில் ஊரைவிட்டுக் கிளப்பப்பட்டு, அங்கே இங்கே என்று அலைந்து கடைசியில் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தவர். அம்மா உக்ரைனின் கார்கிவ் நகரத்து யூதப் பெண். இருவரும் சந்தித்தது அகதிகளுக்கும் குடியேறிகளுக்கும் ஜெர்மன் படிப்பித்த ஒரு மாலை வகுப்பில். இரண்டு பேரும் ஒரே பிழைகளை விட்டு ஒன்றாக ஏச்சு வாங்கியதில்தான் சிநேகம் பிறந்ததாம். வீட்டில் அப்பா என்னோடு தமிழ் கதைப்பார், அம்மா ரஷ்யன் கதைப்பார், அவர்கள் தங்களுக்குள் ஜெர்மன் கதைப்பார்கள். எனக்கு மூன்று பாஷையிலும் திட்டு விழும்.

அம்மாவுக்குத் தமிழ் அதிகம் வராது. அப்பாவின் கூட்டாளிகள் வீட்டு விசேஷங்களுக்குப் போய் வந்து பொறுக்கிய சொற்கள்தான்: "வாங்கோ", உட்காரச் சொல்லும் "இருங்கோ", "சாப்பிடுங்கோ", போதும் என்பதற்குக் "காணும்". எல்லாவற்றுக்கும் முதலில் அவருக்குப் பாடமான சொல் "ஏலாது". அதை மட்டும் அசல் யாழ்ப்பாணத்து மனிசி மாதிரியே, தலையை ஒரு வெட்டு வெட்டிச் சொல்லுவார். அப்பா அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்.

தன் சமயத்தையும் அம்மா ஜெர்மனிக்கு வந்துதான் படித்தார். அவர் வளர்ந்த நாட்டில் யூதர் என்பது கடவுச்சீட்டில் எழுதப்பட்டிருந்த ஒரு சொல், வேலை கேட்டுப் போனால் தலையிடி கொடுக்கும் சொல், அவ்வளவுதான். விளக்கேற்றவோ நோன்பு பிடிக்கவோ அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. வளர்ந்தபிறகு கற்றுக்கொண்டவர்களுக்கு வருகிற பயம் அவருக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை மெழுகுதிரி கொளுத்திக் கைகளால் கண்ணை மூடிக்கொள்ளும்போதுகூட, கைகளைச் சரியாகத்தான் வைத்திருக்கிறேனா என்று விரலிடுக்கால் ஒருமுறை பார்ப்பார். அப்பா அதையும் கண்டுபிடித்துப் பகிடி பண்ணுவார்.

நான் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கதிரையை ஆட்டாதே என்பார்கள். தமிழ் வகுப்பில் "ஆடாதை, ஒழுங்கா இரு" என்று ரீச்சர் தலையில் குட்டுவார். அம்மா கூட்டிப்போன யூத ஜெபாலயத்தில்தான் முதன்முதலாகப் பெரியவர்களே ஆடுவதைக் கண்டேன். வாசலில் காவலுக்குப் பொலிஸ்காரர் நிற்பார், கைப்பையைத் திறந்து காட்டி உள்ளே போனால் கிழவர்கள் புத்தகத்தை மார்போடு பிடித்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பார்கள், ஒருவரும் ஒருவரையும் அதட்டுவதில்லை. எனக்குப் பக்தி அங்கேதான் பிடித்தது, அதுவும் காலில் பிடித்தது. இன்றைக்கும் அசையாமல் நின்று கும்பிடச் சொன்னால் எனக்குக் கும்பிட வராது.

சுக்கோத் வந்தால் இன்னும் கொண்டாட்டம். வெளியிலே ஒரு குடில் போட வேண்டும், கூரைக்குக் கிளைகளை மட்டும் பரப்ப வேண்டும், இடைவெளியால் வானம் தெரிய வேண்டும். பண்டிகை முடியும்வரை சாப்பாடு அதற்குள்தான். பேரீச்சங் குருத்தோலையையும் வேறு இலைகளையும் சேர்த்துக் கட்டி ஒரு கையிலும், நாரத்தங்காய் போன்ற ஒரு பழத்தை மறு கையிலும் பிடித்து நாலு திக்கிலும் மேலும் கீழும் குலுக்க வேண்டும். அந்தப் பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்த அப்பா, "ஊறுகாய் போட்டா அந்த மாதிரி இருக்கும்" என்றார். அம்மா அதைப் பிடுங்கிப் பஞ்சுக்குள் சுற்றி அலுமாரியில் ஒளித்தார்.

"ஏன் மம்மா வீடு இருக்க வெளியில இருக்கோணும்?" என்று நான் கேட்டதற்கு அம்மா சொன்ன பதில், எங்கள் முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் அலைந்தார்கள், பிள்ளைகளின் பிள்ளைகளும் அதை அறிய வேண்டும், காதால் கேட்டால் போதாது, உடம்பு அங்கே போய் இருந்து அறிய வேண்டும் என்பது. அவருக்கு அது புத்தம்புதுச் செய்தி. கண்கள் மின்னச் சொன்னார்.

முதல் குடில் போட்ட வருடம் அப்பாதான் கம்புகளை நட்டார். நடுவிலே ஒன்று, மூலைகளில் மற்றவை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்ட வேகத்தைப் பார்த்து அம்மா அசந்து போனார், இவர் எங்கே இதெல்லாம் படித்தார் என்று. எதற்கும் "அன்ட்ராக்" என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்கிற நாட்டில் அனுமதி இல்லாமல் முற்றத்தில் கொட்டில் போடுகிறோமே என்பதுதான் அப்பாவின் கவலை போல எனக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து யோகன் மாமா வந்தார். அப்பாவோடு அகதி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர், வாயை அடக்கத் தெரியாத நல்ல மனிசன்.

"டேய் குகன், இஞ்ச வந்தும் முகாம் அடிக்கிறியோ?" என்று கேட்டுத் தானே சிரித்தார். எதற்கும் சிரிக்கிற அப்பா அதற்குச் சிரிக்கவில்லை. கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

பண்டிகை தொடங்குகிற பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா வேலையால் வந்தவர் உடுப்புக்கூட மாற்றவில்லை. அம்மா மேலே சூப்பை இறக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நிலவறைக்குப் போய், வீட்டுக்கு வர்ணம் பூசியபோது வாங்கிய நீலத் தரப்பாளை, அந்தத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை, எடுத்து வந்து, கிளைகளுக்கு மேலே இழுத்து நாலு பக்கமும் கட்டிவிட்டார். நான் சந்தோஷத்தில் துள்ளினேன். அம்மா சூப்புப் பானையோடு வந்து நின்றார், மேலே பார்த்தார், முகம் செத்துப்போயிற்று.

"ஏலாது" என்றார். இந்த முறை அப்பா சிரிக்கவில்லை.

கூரையை மூடினால் அது குடிலே இல்லை, மழை வந்தால் எழும்பி வீட்டுக்குள் போகலாம், அதற்கு அனுமதி இருக்கிறது, மூட மட்டும் அனுமதி இல்லை என்று அம்மா ஜெர்மனில் விளக்கினார். பிள்ளை நனையும் என்றார் அப்பா. நனையத் தொடங்கினால் உள்ளே போவோம் என்றார் அம்மா. வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஒரு பண்டிகையைப் பிழையில்லாமல் செய்ய விடுங்கள் என்று சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. மழை தரப்பாளில் சடசடவென்று விழத் தொடங்கியது. அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார், ஜெர்மன் வரவில்லை. தமிழில் கத்தினார்.

"சொல்லு பிள்ளை கொம்மாவுக்கு! நாங்கள் கோயில் வீதியில தரப்பாள் கட்டித்தான் இருந்தனாங்கள் எண்டு சொல்லு. கார்த்திகை மழை. காத்துக்கு நடுக்கம்பு நிக்காது. நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அம்மாவும் தங்கச்சியும் என்ர காலடியில சுருண்டு கிடந்தவை. மழை வந்தா எழும்பி உள்ள போங்கோ எண்டு சொல்ல எங்களுக்கு எந்த வீடு இருந்தது?"

நான் அம்மாவிடம் ரஷ்யனில் சொன்னேன். சின்னப் பிள்ளைக்குப் படர்க்கையாக மாற்றிச் சொல்லத் தெரியுமா? அப்பா சொன்னபடியே சொன்னேன்: நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எங்களுக்கு உள்ளே போக வீடு இருக்கவில்லை. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது. அப்பாவின் வாயிலிருந்து அந்தக் கதையை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. கலியாணம் கட்டி இத்தனை காலமாக அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அம்மா பானையை மேசையில் வைத்தார். தரப்பாளைக் கழற்றச் சொல்லவில்லை, வீட்டுக்குள் போவோம் என்றும் சொல்லவில்லை. பாண் ரொட்டிக்கு உரிய ஆசியைச் சொல்லிப் பிட்டுத் தந்தார். அடுத்ததாகக் குடிலில் இருப்பதற்கு ஒரு ஆசி உண்டு. அதற்கு வாயைத் திறந்தவர் மேலே நீலத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். குடில் அல்லாத ஒன்றைக் குடில் என்று கடவுளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கோப்பையில் சூப்பை வார்த்து அப்பாவின் பக்கம் தள்ளி, "இருங்கோ" என்றார்.

அப்பா இருக்கவில்லை. நடுக்கம்பை ஒரு கையால் பிடித்தபடி நின்றார். அந்தக் கம்புக்கு ஒரு குறையும் இல்லை, மழையும் அப்படிப் பெரிய மழை இல்லை. ஆனாலும் நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை நின்றார், மறுகையால் கோப்பையைத் தூக்கிச் சூப்பைக் குடித்தார். விடிந்து பார்த்தால் கூரையில் தரப்பாள் இல்லை. அப்பா அதைக் கழற்றி மடித்து நிலவறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அம்மாவின் கடவுள் என்ன, ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக எங்கள் சாப்பாட்டைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுவாரா? அப்பாவுக்குத்தான் என்ன, இரண்டு நிமிடம் எங்களோடு இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஒவ்வொரு வருடமும் குடில் எழும்பியது, ஒவ்வொரு வருடமும் அப்பாதான் கட்டினார், தரப்பாள் அதன்பிறகு வெளியே வரவேயில்லை. ஆனால் சாப்பிட வந்தால் வாசலில் நிற்பார், தட்டைக் கையில் வாங்கிக்கொள்வார், நாலு துளி விழுந்தால் உடனே நடுக்கம்பருகே வந்துவிடுவார். "இருங்கோ" என்பார் அம்மா. "பிறகு" என்பார் அப்பா. மெழுகுதிரியைப் போல இதுவும் பண்டிகையின் ஒரு பகுதியாகிவிட்டது. நான் மட்டும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருப்பேன்; இந்த முறை இருப்பார், இந்த முறை இருப்பார் என்று வருடக்கணக்காக எதிர்பார்த்து ஏமாந்த பிள்ளை நான். பண்டிகை முடியும் நாள் கம்புகளைப் பிடுங்கும்போது, வானத்தைப் பார்த்து, ஒரே ஒரு தரம் அவரை இருக்க வை என்று கேட்டிருக்கிறேன். எந்தக் கடவுளிடம் என்று தெளிவாகச் சொல்லவில்லை. கேட்கிறவர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். யோகன் மாமா கனடாவில் மகனோடு இருக்கிறார். நான் பான் நகரத்தில் நிலத்தோடு ஒட்டிய வீட்டில் இருப்பதால், பின்பக்கத்துப் புல்தரையில் குடிலை நானே போடுகிறேன், அம்மாவும் அப்பாவும் ரயிலில் வருவார்கள். அப்பாவுக்குச் சில வருடங்களாக மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், பிறகு வீதியை மறந்தார், அதன்பிறகு ஜெர்மன் முழுக்கப் போய்விட்டது. ஆகவே அம்மா இந்த வயதில் தமிழ் படிக்கிறார், கதைக்காமல் எப்படி ஒரு வீட்டில் இருப்பது? பழைய காலம் கடைசிவரை நிற்கும் என்று டொக்டர்கள் சொன்னார்கள். கடல் நிற்கிறது, கோயில் கொடியேற்றம் நிற்கிறது, தங்கச்சியின் பெயர்கூட நிற்கிறது. "கோயில் வீதியில ஒரு கொட்டில் போட்டு இருந்தனீங்களே அப்பா" என்று ஒருநாள் கேட்டேன். "எந்தக் கொட்டில்?" என்று என் முகத்தையே பார்த்தார்.

போன சுக்கோத்துக்கு அவரைக் குடிலுக்குள் கூட்டி வந்தோம். ஒருவரும் ஒன்றும் சொல்ல முதலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சாய்ந்து, காலை நீட்டி, சம்மந்தி வீட்டுக்கு வந்த மனிசன் மாதிரி வசதியாக இருந்தார். அம்மா ஆசிகளைச் சொல்லி முடித்தார், குடிலில் இருப்பதற்கான ஆசியையும் சேர்த்து. அவரை இருக்க வை என்று எத்தனை வருடம் கேட்டிருப்பேன்! உடம்பால் அறிய வேண்டிய பண்டிகை என்று அம்மா அன்று சொன்னார். எங்களுக்குள் அதை உடம்பால் அறிந்திருந்த ஒரே ஆளுக்கு இப்போது அது தெரியாது.

அந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. கிளைகளுக்கு நடுவால் ஒழுகி அவருடைய தோளில் விழுந்தது, சூப்புக்குள் விழுந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, அவருடைய கையைப் பிடித்து, "எழும்புங்கோ குகன்" என்றார். "மழை பெய்யுது. எழும்பி உள்ள வாங்கோ."

அப்பா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். முகமெல்லாம் நனைந்தது.

"ஓம்," என்றார் சிரித்துக்கொண்டு, "நல்ல மழை." கரண்டியை எடுத்து, இருந்தபடியே சூப்பைக் குடித்தார்.