தாம்பூலப் பையில் போன பூச்சி

பயிரில் நல்ல பூச்சி எது, நோய் பரப்பும் பூச்சி எது என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அடுத்தவருக்கு அறிவுரை சொல்லிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, கேளுங்கள்.

நம்ம கட்சி

நாங்கள் குடியிருக்கும் சான் ரமோனிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் ரோசாவின் எலுமிச்சைத் தோட்டம். முதல் நாளே லெக்சர் அடித்தேன்: "எள்ளளவு பழுப்புப் பூச்சி ஒண்ணு இருக்கு. வாலைத் தூக்கிட்டு உட்காரும். அது கொண்டுவர்ற நோய்க்கு மருந்தே கிடையாது, மரத்தைப் பிடுங்க வேண்டியதுதான். அதை ஒழிக்கிறது குட்டிக் குளவி. குளவி நம்ம கட்சி!"

அந்த நேரம் பார்த்துப் பெரிய குளவி ஒன்று என் காலரில் உட்கார்ந்தது. "ஐயோ அம்மா!" என்று அலறி, தொப்பியால் என்னையே அடித்துக்கொண்டேன். ரோசா நிதானமாகச் சொன்னாள்: "உங்க கட்சிக்காரர் போயிட்டார். கண்ணைத் திறங்க."

கராஜ் கரப்பான்

எங்கள் கிரகப்பிரவேசம். சுற்றிலும் ஐ.டி. கூட்டம். "நீங்க எந்த கம்பெனி?" என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். பூச்சி ஆராய்ச்சி என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, சாப்பிட்டதும் எங்க கராஜை ஒரு பார்வை பாருங்களேன். கரப்பான் தொல்லை தாங்கலை."

மருந்தடிக்காத செடி

ரோசாவும் வந்திருந்தாள். என் மனைவி மீனா எல்லார் தாம்பூலப் பையிலும் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள். தாய்ச்செடி, அவள் தங்கை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து காரில் கொண்டுவந்தது. அந்தப் பழுப்புப் பூச்சி அந்த ஊரில் ஏராளம்; அதற்குக் கறிவேப்பிலை என்றால் உயிர். எனக்கா தெரியாது? ஆனால் தினம் சாம்பாருக்குக் கிள்ளுகிற செடியை லென்ஸ் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"மருந்தே அடிக்காத செடி" என்று மீனா பெருமைப்பட, ரோசா இலையை முகர்ந்தாள். "பூச்சிக்காரர் வீட்டுச் செடி. நம்பி வைக்கலாம்."

கொடுத்ததைக் கேட்டவன்

அடுத்த மாதம் ரோசா தோட்டத்துக்குப் போனால், எலுமிச்சை வரிசை ஓரத்தில் கன்று தளதளவென்று நிற்கிறது. கொழுந்தில், வாலைத் தூக்கிக்கொண்டு அதே பூச்சி. ரோசாவிடம் சொல்வதற்குள் வெட்கத்தில் செத்தேன். மர இலைகளைச் சோதனைக்கு அனுப்பினோம். நான் வீடு வீடாக ஏறி, தாம்பூலத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டேன். இந்த மானக்கேடு எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

மரங்களுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் ரோசா வாயைத் திறந்தாள்: "நோயைக் கொண்டுவர்றது ஆறு கால் பூச்சின்னு நினைச்சிருந்தேன். ரெண்டு கால்லயும் இருக்கும், விருந்துக்கும் கூப்பிடும்போல."

இன்றைக்கும் அந்தத் தோட்டத்துக்கு நான்தான் பூச்சி நிபுணன். என்ன, உள்ளே விடுமுன் அவள் சோதிப்பது என் பையைத்தான்.